டெஸ்டோஸ்டிரோன் குறைந்த பிறகும் பி.எஸ்.ஏ. ஏறுவது ஏன்?

கேள்வி இது: அப்பாவுக்கு வயது 72. இரண்டரை வருடத்துக்கு முன் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோதே இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போடுகிறோம். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் செல்கள் உண்டாக்கும் புரதம்) 180இலிருந்து 0.4க்கு இறங்கியது. இப்போது அடுத்தடுத்து பார்த்ததில் 0.9, 2.1, 4.6. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 18தான். ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத கட்டம் வந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் அதே ஊசியைத் தொடரவும் சொல்கிறார், கூடவே ஒரு மாத்திரையும் எழுதுகிறார். கட்டுப்படவில்லை என்றால் அந்த ஊசி எதற்கு? அப்பாவுக்கு வலி எதுவும் இல்லாதபோது நோய் முற்றுகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஊசியை நிறுத்தக் கூடாது. உங்கள் டாக்டர் சொல்வது சரி. கட்டுப்படாத நிலை என்று கேட்டதும், நோய்க்கு இனி ஹார்மோனே வேண்டாம் போலிருக்கிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நடப்பது வேறு. நோய் இன்னும் அதே ஆண் ஹார்மோன் பாதையை நம்பித்தான் பிழைக்கிறது; மிகக் கொஞ்சம் கிடைத்தாலும் சமாளிக்கும் அளவுக்குப் பழகியிருக்கிறது. இந்த நேரத்தில் ஊசியை நிறுத்தினால், கொஞ்சத்தில் பிழைக்கப் பழகிய செல்களுக்கு விதைகளிலிருந்து தாராளமாக ஹார்மோன் கிடைக்க ஆரம்பித்துவிடும். இதற்கான சான்று அப்பாவின் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அந்தச் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

புரோஸ்டேட் செல்லுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது. ரத்தத்தில் வரும் டெஸ்டோஸ்டிரோன் செல்லுக்குள் நுழைந்ததும் ஒரு நொதி அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. முன்னதைவிட இது வீரியமானது. இது வந்து ஒட்டும்வரை ஏற்பி சும்மா கிடக்கும். ஒட்டியதும் உருவம் மாறி, செல்லின் உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்து அங்கிருக்கும் மரபணுக்களை இயக்குகிறது. செல் வளர்வதும் பெருகுவதும் சாகாமல் இருப்பதும் அந்த மரபணுக்களின் கையில். பி.எஸ்.ஏ. புரதத்தை உண்டாக்கும் மரபணுவும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. ஆக, டெஸ்டோஸ்டிரோன் 18இல் கிடக்கும்போதே பி.எஸ்.ஏ. 0.4இலிருந்து 4.6க்குப் போகிறது என்றால், ஏற்பி மறுபடி வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஹார்மோன் பாதையை விட்டு விலகிய நோயாக இருந்தால் பி.எஸ்.ஏ. இப்படி ஏற வேண்டிய அவசியமே இல்லை.

ஹார்மோனைக் குறைத்தால் இந்த நோய் அடங்கும் என்று காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவராக இருந்தவர். 1941இல் அவரும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், எலும்புவரை பரவிய நோயாளிகளுக்கு விதைகளை நீக்கினார்கள், அல்லது ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஆசிட் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி, அன்றைக்கு பி.எஸ்.ஏ.வின் இடத்தில் இருந்த சோதனை, சரசரவென்று இறங்கியது. படுக்கையில் வலியோடு கிடந்தவர்களுக்கு வலி குறைந்தது. புற்றுநோயை ரத்தத்தில் ஓடும் ஒரு பொருளைக் குறைத்தே கட்டுப்படுத்த முடியும் என்று மருத்துவ உலகம் அப்போதுதான் கண்டது. 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நோய் திரும்ப வருவதை அவரும் பார்த்தார். மிச்ச ஹார்மோன் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிறதோ என்று சந்தேகப்பட்டு, 1945இல் சில நோயாளிகளுக்கு இரண்டு அட்ரீனல் சுரப்பிகளையும் எடுத்துப் பார்த்தார். அட்ரீனல் இல்லாமல் உயிர் பிழைக்கத் தேவையான கார்ட்டிசோன் மாத்திரை அந்தக் காலத்தில் புழக்கத்தில் இல்லை. அந்த முயற்சி அதோடு நின்றது. சந்தேகம் என்னவோ சரிதான். அதை மருந்தாக மாற்ற இன்னும் 60 வருடத்துக்கு மேல் ஆனது.

இன்று போடும் ஊசி விதைகளைத் தொடுவதே இல்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் ஒரு சின்ன ஹார்மோனைப் போலவே செய்த மருந்து அது (லூப்ரோலைடு, கோசரெலின், டிரிப்டோரெலின்). விட்டுவிட்டு வர வேண்டியது ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி சுரப்பி மரத்துப்போய், விதைகளுக்குச் சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திவிடும். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறிவிட்டுத்தான் இறங்கும். முதல் ஊசியோடு சில வாரம், ஏற்பியை அடைக்கும் பைகலூட்டமைடு மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். டெகரெலிக்ஸ் ஊசியில் இந்த ஏற்றம் கிடையாது. விதை நீக்க அறுவை செய்துகொண்டவர்களுக்கும் பலன் இதேதான். நம் ஊரில் செலவை நினைத்து அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறையப் பேர், அதில் குறைவாக எண்ண ஒன்றுமில்லை.

ஹார்மோன் போனதும் பெருவாரியான செல்கள் செத்துப்போகும். சில சாகாமல் சுருங்கி, பெருகாமல் சும்மா இருக்கும். பி.எஸ்.ஏ. 0.4 என்று வந்த காலத்தில் அப்பாவின் எலும்பில் இவை இருந்தன. கோடிக்கணக்கான செல்கள் கொண்ட கட்டியில் எல்லாம் ஒரே வார்ப்பாக இருப்பதில்லை. நீர் வற்றிய கரிசல் காட்டில் மற்றதெல்லாம் கருகிப்போக, சீமைக் கருவேலம் மட்டும் தழைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குறைந்த ஹார்மோனில் பிழைக்கத் தெரிந்த ஒன்றிரண்டு செல்களுக்கும் அப்படித்தான் இடம் காலியாகிறது. 1981இலேயே ஜான் ஐசக்ஸ், டொனால்ட் காஃபி இருவரும் எலிகளில் வளர்த்த புரோஸ்டேட் கட்டியில் இதைக் காட்டினார்கள்: மீண்டும் வளர்ந்த செல்கள் சிகிச்சைக்கு முன்பே அங்கே சிறுபான்மையாக இருந்தவை. பிற்பாடு கிடைத்த சான்றுகள், புதிதாகப் பழகிக்கொள்வதும் கூடவே நடக்கிறது என்கின்றன. இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை. பரவிய நோயில் ஊசி மட்டும் போட்டால், பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் இந்தக் கட்டம் வருகிறது.

சரி, அந்தச் செல்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

அதிகம் காணப்படும் வழி, ஏற்பியைப் பெருக்கிக்கொள்வது. ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண்களுக்கு ஒரே ஒரு பிரதிதான். 1995இல் ஃபின்லாந்தின் தம்பெரே ஆய்வாளர்கள், சிகிச்சைக்குப் பின் திரும்பி வளர்ந்த 23 கட்டிகளைப் பார்த்ததில் 7இல் இந்த மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. அதே நோயாளிகளின் சிகிச்சைக்கு முந்தைய கட்டிகளில் அது இல்லை. ஏற்பி அதிகமாக இருந்தால் எஞ்சியிருக்கும் துளி ஹார்மோனும் வீணாகாமல் பிடிபடும். 2004இல் சார்லஸ் சாயர்ஸின் குழு இன்னொரு படி மேலே போனது. ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட கட்டியையும் அதே கட்டி கட்டுப்படாமல் போன பிறகு அதையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டதில், எல்லா ஜோடியிலும் தவறாமல் மாறியிருந்தது ஏற்பியின் அளவு மட்டுமே. அதோடு ஒரு விபரீதமும் தெரிந்தது. ஏற்பி இப்படிக் கூடிவிட்டால், அதைத் தடுக்கக் கொடுக்கும் பைகலூட்டமைடே அதை லேசாகத் தூண்ட ஆரம்பிக்கிறது. ஏற்பி எவ்வளவு கூடினாலும் தூண்டாத, இன்னும் இறுக்கமாக ஒட்டும் மருந்து வேண்டும் என்று தேடி சாயர்ஸும் வேதியியலாளர் மைக்கேல் ஜங்கும் கண்டதுதான் என்சலூட்டமைடு. 2012இல் அனுமதி பெற்றது.

இரண்டாவது வழி, ஹார்மோனைத் தானே தேடிக்கொள்வது. ஊசி நிறுத்துவது விதைகளின் உற்பத்தியை மட்டும். அட்ரீனல் சுரப்பிகள் பலவீனமான ஆண் ஹார்மோன்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். கட்டிச் செல்கள் அவற்றை எடுத்து வீரியமானதாக மாற்றிக்கொள்கின்றன. சியாட்டிலில் 2008இல் வெளியான ஒரு ஆய்வு என்னை இன்றும் நிறுத்தி யோசிக்க வைக்கும். விதைகளின் ஹார்மோன் சுரப்பு அடக்கப்பட்ட நிலையில் இறந்தவர்களின் உடலில் பரவியிருந்த கட்டிகளை எடுத்து அளந்தார்கள். சிகிச்சையே எடுக்காத, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் வழக்கமான அளவில் இருந்த ஆண்களின் புரோஸ்டேட் கட்டியில் இருந்ததைவிட இவற்றில் டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் 18, கட்டிக்குள் கதையே வேறு. அட்ரீனல், விதை, கட்டி ஆகிய மூன்று இடத்திலும் இந்த உற்பத்திக்குத் தேவையான சி.ஒய்.பி.17 என்ற நொதியை அடைப்பதுதான் அபிராடெரோன். லண்டனின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் உருவானது, 2011இல் புழக்கத்துக்கு வந்தது. ஹக்கின்ஸ் கத்தியால் செய்யப் பார்த்ததை இது மாத்திரையால் செய்கிறது. அந்த நொதியை அடைத்தால் கார்ட்டிசோலும் குறையும், அதை ஈடுகட்ட உடம்பு வேறு ஹார்மோனை அள்ளிவிடும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். அதனால்தான் கூடவே பிரெட்னிசோலோன் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு ஆயிற்றே என்று பயந்து அதை மட்டும் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது வழி, ஏற்பியின் வடிவத்தையே மாற்றிக்கொள்வது. புரதத்தின் நீண்ட சங்கிலியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், ஏற்பி யாரை உள்ளே விடுவது என்ற கண்டிப்பை இழந்துவிடும். 878ஆம் இடத்தில் மாறிய ஏற்பி, புரோஜெஸ்டிரோனுக்கும் பழைய மருந்தான ஃப்ளூட்டமைடுக்கும் வேலை செய்யும். 742இல் மாறினால் பைகலூட்டமைடு அதற்கு ஹார்மோனாகிவிடும். 702இல் மாறினால் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளே அதைத் தூண்டும். நோயை அடக்கக் கொடுத்த மருந்து நோய்க்குத் தீனியாகிறது. ஃப்ளூட்டமைடு எடுத்துக்கொண்டிருந்த சிலருக்கு, மருந்தை நிறுத்தியதுமே பி.எஸ்.ஏ. இறங்கிய விசித்திரத்தை 1990களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். காரணங்களில் ஒன்று இதுதான். அப்பா பைகலூட்டமைடைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அடுத்த மருந்துக்குப் போகும்போது அதை நிறுத்தியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி தொடர வேண்டும், அந்த மாத்திரை தொடரக் கூடாது.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. ஏற்பியில் ஹார்மோன் ஒட்டும் பகுதி தனி, டி.என்.ஏ.வில் உட்காரும் பகுதி தனி. செல் சில நேரம் முதல் பகுதியே இல்லாத குட்டை ஏற்பியைத் தயாரிக்கும். ஏ.ஆர்.-வி7 என்பது அவற்றில் அதிகம் பேசப்படுவது. ஒட்டும் பகுதியே இல்லாததால் அதற்கு ஹார்மோனும் வேண்டாம், என்சலூட்டமைடு பிடிக்கவும் இடம் இல்லை; அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2014இல் 62 நோயாளிகளின் ரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் செல்களில் இதைத் தேடியது. இது இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட என்சலூட்டமைடிலோ அபிராடெரோனிலோ பி.எஸ்.ஏ. போதிய அளவு இறங்கவில்லை. கீமோ மருந்துகள் இவர்களிடமும் வேலை செய்கின்றன. இதுதவிர, அடைக்கப்பட்ட ஏற்பிக்குப் பதிலாக அதன் நெருங்கிய உறவான ஸ்டீராய்டு ஏற்பியை வைத்து அதே மரபணுக்களை இயக்கிக்கொள்ளும் கட்டிகளும் இருக்கின்றன.

ஒரே ஆளின் உடம்பில் இந்த வழிகளில் ஒன்றுதான் இருக்கும் என்றில்லை. இடுப்பெலும்பில் இருப்பது ஒரு வழியில் தப்பியிருக்கும், ஈரலில் இருப்பது இன்னொரு வழியில். ஒரு பரவலிலிருந்து இன்னொரு பரவலுக்குச் செல்கள் போவதும் மரபணு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒரு மாத்திரையில் பி.எஸ்.ஏ. முக்கால்வாசி இறங்கி, ஸ்கேனில் ஓரிடம் மட்டும் வளர்வது இதனால்தான்.

கடைசியாக, உண்மையிலேயே ஹார்மோன் பாதையை விட்டு வெளியேறும் ஒரு சிறுபான்மை இருக்கிறது. ஆர்.பி.1, டி.பி.53 என்ற காவல் மரபணுக்களை இழந்த செல்கள், நெருக்கடி முற்றும்போது புரோஸ்டேட் செல் என்ற அடையாளத்தையே உதறி, நரம்புச் சுரப்பு செல்களைப் போல மாறிவிடும். ஆண்ட்ரோஜன் ஏற்பி இருக்காது, அதனால் பி.எஸ்.ஏ.வும் பெரிதாக ஏறாது. பி.எஸ்.ஏ. 1க்கும் 2க்கும் நடுவே அமைதியாக இருக்கையில் ஈரலில் கட்டிகள் வளர்ந்து, ஆள் வேகமாக மெலிந்துபோவார். பி.எஸ்.ஏ. நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். எண் ஒன்று சொல்ல, ஆள் வேறு மாதிரி தெரிந்தால், ஆளை நம்புங்கள். ஸ்கேனும், முடிந்தால் பயாப்சியும் கேளுங்கள். சிகிச்சையும் இதற்கு வேறு: பிளாட்டினம் வகை கீமோவோடு எட்டோபோசைடு.

வலி இல்லையே என்ற கேள்விக்கு வருகிறேன். பி.எஸ்.ஏ. முதலில் ஏறும், அதன் பிறகு ஸ்கேனில் தெரியும், வலி அதற்கும் பின்னால்தான். நடுவில் பல மாதங்கள் இருக்கலாம். அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. அப்பா நன்றாக நடமாடும்போதே அடுத்த மருந்தைத் தொடங்க முடிகிறது. ஒரே ஒரு முறை ஏறியதை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், அப்படி இருந்தும் பி.எஸ்.ஏ. தொடர்ந்து ஏற வேண்டும், அல்லது ஸ்கேனில் புதிய இடங்கள் தெரிய வேண்டும். இதில் டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். ஊசி தேதி தள்ளிப்போனாலோ, மருந்து சரியாகச் சேராவிட்டாலோ, விதைகள் மறுபடி வேலை செய்து பி.எஸ்.ஏ.வை ஏற்றும். அதைப் போய்க் கட்டுப்படாத நோய் என்று எழுதிவிடக் கூடாது. அப்பாவுக்குப் பார்த்திருக்கிறார்கள், 18 என்று இருக்கிறது. நல்ல டாக்டர்.

எவ்வளவு ஏறியது என்பதைவிட எவ்வளவு வேகத்தில் இரட்டிக்கிறது என்பது முக்கியம். எல்லாப் பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டையும் தேதியோடு ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஊசி போட்ட தேதிகளையும் பக்கத்தில். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

ஸ்கேனில் ஒரு சங்கதி. புதிய மருந்து தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் எடுக்கும் போன் ஸ்கேனில், ஏற்கெனவே இருந்த இடங்கள் இன்னும் பளிச்சென்றும், ஒன்றிரண்டு புதிய இடங்களும் தெரியலாம். ஆறிவரும் எலும்பு புது எலும்பைப் போடும்போதும் ஸ்கேனில் அப்படித்தான் தெரியும். பி.எஸ்.ஏ. இறங்கி, ஆளும் தெம்பாக இருந்தால் அந்த ஒரு ஸ்கேனை வைத்து மருந்தை மாற்ற அவசரப்பட மாட்டார்கள். அடுத்த ஸ்கேனிலும் புதிய இடங்கள் கூடினால்தான் நோய் வளர்கிறது என்று கொள்வார்கள்.

இந்த நோய் ஏன் எப்போதும் முதுகெலும்புக்கும் இடுப்புக்குமே போகிறது என்று பலர் கேட்பார்கள். ஒரு பதில் 1940இலேயே வந்தது. பிலடெல்பியாவில் ஆஸ்கர் பேட்சன் என்ற உடற்கூறியல் ஆசிரியர், சடலங்களில் அந்தப் பகுதி ரத்தக் குழாய்க்குள் சாயத்தைச் செலுத்தினார். அது நேராக இடுப்பெலும்புக்கும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள வால்வு இல்லாத சிரைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. வழி அது. அங்கே போய்த் தங்குவதற்குக் காரணம் எலும்பு மஜ்ஜையின் சூழல். செல்கள் எலும்பைக் கட்டும் செல்களைத் தூண்டுகின்றன, பதிலுக்கு எலும்பு வெளியிடும் வளர்ச்சிப் பொருள்கள் கட்டியை வளர்க்கின்றன. எக்ஸ்ரேயில் அடர்த்தியாக வெள்ளையாகத் தெரிந்தாலும் தாறுமாறாகக் கட்டிய எலும்பு அது, வலு கிடையாது. இதற்கு மேல் ஹார்மோன் ஊசியே மற்ற எலும்புகளையும் தேய்க்கிறது. அதனால்தான் இந்தக் கட்டத்தில் ஜோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ சேர்க்கிறார்கள். அதைத் தொடங்குமுன் பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் இருக்கிறது.

இப்போது மருந்து வரிசை. அபிராடெரோனும் என்சலூட்டமைடும் வேறு வேறு விதமாக வேலை செய்தாலும் குறி ஒரே ஏற்பிதான். ஒன்றை மீறிய கட்டி மற்றொன்றையும் பெரும்பாலும் மீறிவிடுகிறது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி மாதங்களைக் கடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2019இல் வெளியான கார்ட் ஆய்வில், டோசிடாக்சலும் இவற்றில் ஒரு மாத்திரையும் பலனிழந்த பிறகு, மற்ற மாத்திரைக்குப் போனவர்களைவிட கபாசிடாக்சல் கீமோவுக்குப் போனவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள்: 11 மாதத்துக்கு எதிராக 13.6 மாதம். கீமோ என்றதும் பயப்பட வேண்டாம். இந்த நோயில் ஆயுளைக் கூட்டுவதாக முதலில் நிரூபித்த கீமோ 2004இன் டோசிடாக்சல். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவது, 70 தாண்டியவர்களில் பலர் தாங்கிக்கொள்கிறார்கள்.

பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் கட்டிச் செல்லின் மேல் நிறைய இருந்தால், அதைத் தேடிப்போய் ஒட்டும் மூலக்கூறில் கதிரியக்க லுட்டீசியம்-177ஐ ஏற்றி அனுப்பும் சிகிச்சை இருக்கிறது. அது பொருந்துமா என்பது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் தெரிந்துவிடும். எலும்பில் மட்டும் வலியோடு இருக்கும் நோய்க்கு ரேடியம்-223. இதுவரை சொன்னதற்கு நேர்மாறான இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும்: ஏற்பியை மிதமிஞ்சிப் பெருக்கிக்கொண்ட செல்லுக்குத் திடீரென்று டெஸ்டோஸ்டிரோனை அளவுக்கு மேல் கொடுத்தால் அது தாங்காமல் சாகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சாமுவேல் டென்மீட் இதை நோயாளிகளிடம் சோதித்து வருகிறார். ஆய்வுக்கு வெளியே, தானாக யாரும் முயலக் கூடாதது. வலி இருப்பவருக்கு ஆபத்து.

இன்றைக்கு, நோய் தெரிந்த நாளிலேயே ஊசியோடு இரண்டாவது மருந்தையும் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. கட்டி பல வழிகளில் பிரிவதற்கு முன்பே அழுத்தினால் பலன் நீடிக்கிறது. 2015இன் சார்ட்டெட் ஆய்வில் ஊசி மட்டும் போட்டவர்களின் இடைநிலை ஆயுள் 44 மாதம், தொடக்கத்திலேயே டோசிடாக்சல் சேர்த்தவர்களுக்கு 57.6 மாதம். அப்பாவுக்கு அன்று ஏன் சேர்க்கவில்லை என்று மனசு அரிக்க வேண்டாம். வயது, இதயம், செலவு என்று காரணங்கள் இருந்திருக்கும். இப்போது தொடங்கும் மாத்திரைக்கும் பலன் உண்டு.

அந்த மாத்திரை அபிராடெரோன் என்றால் நாளுக்கு 1000 மில்லிகிராம், வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல். சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பில் சேரும் அளவு பல மடங்கு கூடிவிடும். இதையே சாதகமாக்கி, 250 மில்லிகிராமைக் கொழுப்பு குறைந்த காலை உணவோடு கொடுத்தால் பி.எஸ்.ஏ. குறைவது ஏறக்குறைய அதே அளவு என்று 72 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் வந்தது. செலவு கால்வாசியாகிறது என்பதால் நம் ஊர் டாக்டர்கள் பலரும் இதை எழுதுகிறார்கள். மாத்திரை வாங்க முடியாமல் பாதியில் விடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எந்த முறை என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இட்லியோடு போட்டுக்கொள்ளலாமா என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். பிரஷர், பொட்டாசியம், ஈரல் சோதனை, சுகர் ஆகியவற்றை முதல் சில மாதம் அடிக்கடி பார்க்க வேண்டும். என்சலூட்டமைடு என்றால் களைப்பும் தடுமாறி விழுவதும் கவலை. முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. முதுகில் புதிதாக வலி, படுத்தால் கூடுவது, கால் கனத்துப்போவது, படியேற முடியாமல் கால் மடங்குவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது: இவை தண்டுவடம் நசுங்குவதன் அடையாளம். மூட்டுவலி, வயசு என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே, நடுராத்திரி என்றாலும், எம்.ஆர்.ஐ. இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நடக்கிற நிலையில் வந்தவர்களுக்குத் திரும்ப நடக்க வாய்ப்பு அதிகம். கால் முழுதும் செயலிழந்த பிறகு வந்தால் மீட்பது கடினம்.

அடுத்த முறை போகும்போது மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களை ஆராய்ந்து 2016இல் வெளியான முடிவில், 11.8 சதவீதம் பேர் டி.என்.ஏ. பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவியிலேயே குறையோடு இருந்தார்கள். அதிகம் இருந்தது பி.ஆர்.சி.ஏ.2. அப்பாவுக்கு அது இருந்தால் ஓலாபரிப் என்ற மாத்திரைக்கு வழி திறக்கும். ஹார்மோன் பாதையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, பழுதைச் சரிசெய்ய முடியாத செல்லை இன்னும் பழுதாக்கிக் கொல்வது. பிறவிக் குறை என்று உறுதியானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகனானாலும் மகளானாலும். பி.ஆர்.சி.ஏ.2 குறை வந்திருக்கும் மகன்கள் 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ள வேண்டும். அது வந்திருக்கும் மகள்களுக்கு மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பதால் அவர்களும் தனியாக ஒரு மரபணு ஆலோசகரைப் பார்ப்பது அவசியம்.